அணை கேட்பவர் பலர். ஆற்றைக் கேட்பவர் யார்?

ஆற்றின் குறுக்கே அணை வேண்டும் என்று கேட்க எப்போதும் ஆள் இருக்கும். மின்சாரத்துக்காகக் கேட்பார்கள், தண்ணீருக்காகக் கேட்பார்கள். 'இந்த ஆறு இப்படியே ஓடட்டும்' என்று கேட்பது யார்? அந்தக் கோரிக்கைக்கும் அரசாங்கம் செவிசாய்க்க வேண்டும் என்று சட்டம் இயற்றிய நாடு அமெரிக்கா.

1968 அக்டோபர் 2ஆம் தேதி அதிபர் லிண்டன் ஜான்சன் அச்சட்டத்தில் கையெழுத்திட்டார். தொடக்கத்தில் எட்டு ஆறுகளின் பகுதிகள் பாதுகாக்கப்பட்டன. இன்று அப்பட்டியலில் 200க்கும் மேற்பட்ட ஆறுகள் உள்ளன.

என்ன பார்க்கிறார்கள்?

அழகான ஆறு என்பதற்காக மட்டும் அறிவித்துவிட முடியாது. முதலில் தகுதி பார்க்கப்படுகிறது. ஆறு தடையின்றி ஓட வேண்டும். இயற்கைக் காட்சி, மீன்வளம், வனவிலங்கு, வரலாறு, பண்பாடு போன்றவற்றில் ஒன்றிலாவது தனிச்சிறப்பு இருக்க வேண்டும்.

அடுத்து, பொருத்தம் பார்க்கப்படுகிறது. கரையோர நிலம் யாருடையது? ஆற்றைப் பாதுகாத்தால் எந்தத் திட்டம் கைவிடப்படும்? செலவு எவ்வளவு? உள்ளூர் மக்கள் என்ன சொல்கிறார்கள்?

முடிவு நாடாளுமன்றத்தின் கையில். மாநிலம் தன் சட்டத்தின்கீழ் ஏற்கெனவே பாதுகாத்த ஆறாக இருந்தால், ஆளுநரின் வேண்டுகோளை ஏற்று மத்திய உள்துறை அமைச்சரும் அறிவிக்கலாம். அங்கே ஆளுநர் என்பவர், நம் நாட்டு மந்திரி புசாரைப் போல மாநில அரசாங்கத்தை நடத்துபவர்.

நியூ ரிவர் போராட்டம்

பெயர்தான் 'புதிய ஆறு'. உண்மையில் அது வட அமெரிக்காவின் மிகப் பழமையான ஆறுகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. வெர்ஜீனியா, வட கரோலினா எல்லைப் பகுதியில் அதன் குறுக்கே இரண்டு அணைகள் கட்ட ஒரு மின்சார நிறுவனம் திட்டமிட்டது. 1974இல் மத்திய மின்சக்தி ஆணையம் உரிமமும் கொடுத்துவிட்டது. சுமார் 40,000 ஏக்கர் நிலம் மூழ்கும். தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்ட குடும்பங்கள் வீடு வாசலை இழக்கும். எண்ணெய் நெருக்கடி வாட்டிய காலம் என்பதால், மின்சாரம் அவசியம் என்ற வாதமும் வலுவாக இருந்தது.

வட கரோலினா நீதிமன்றம் சென்றது, தோற்றது. ஆனால், தன் எல்லைக்குள் ஓடும் 26.5 மைல் (சுமார் 43 கிலோமீட்டர்) நீளத்தைப் பாதுகாக்கும்படி மத்திய அரசாங்கத்திடம் மனுவும் செய்திருந்தது. 1976 ஏப்ரலில் அமைச்சர் அதை ஏற்றார். ஆயினும் நிறுவனத்தின் கையில் உரிமம் இருந்ததால் சிக்கல் தீரவில்லை. கடைசியில் நாடாளுமன்றமே தனிச்சட்டம் இயற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் அதிபர் ஜெரால்ட் ஃபோர்ட் கையெழுத்திட்டதும் அணைத் திட்டம் முடிவுக்கு வந்தது.

நிலம் பறிபோகுமா?

கரையோரவாசிகளுக்கு எழும் முதல் அச்சம் இது. தனியார் நிலத்தில் என்ன கட்டலாம் என்று உத்தரவிடும் அதிகாரத்தை இச்சட்டம் மத்திய அரசாங்கத்துக்குத் தரவில்லை. முக்கியத் தடை, அணை போன்று ஆற்றின் ஓட்டத்தைக் கெடுக்கும் திட்டங்களுக்குத்தான். எனினும், வரம்புக்கு உட்பட்டு நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரம் உண்டு. எனவே அவர்களின் அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. அவர்கள் குரலையும் கேட்ட பிறகே முடிவெடுப்பது நியாயம்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பாதுகாக்கப்பட்ட நீளம் சுமார் 13,400 மைல்தான். அந்நாட்டு ஆறுகளின் மொத்த நீளத்தில் இது அரை விழுக்காட்டுக்கும் குறைவு!

அணையை வேண்டாம் என்று முடிவு செய்தால், பிறகு மாற்றிக்கொள்ளலாம். மூழ்கிய ஊரை மீட்பது எளிதல்ல. அதனால்தான் பேச வேண்டியதை முன்கூட்டியே பேச வேண்டும்.

மலேசியாவில் ஆறும் நிலமும் மாநில அரசாங்கத்தின் பொறுப்பில் உள்ளன. பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுவதும் உண்டு. நம்மில் எத்தனை பேர் அவற்றைப் படித்துக் கருத்து எழுதிக் கொடுக்கிறோம்? உங்கள் ஊர் ஆற்றுக்கு அப்படி ஒரு வாய்ப்பு வந்தால், தவறவிடாதீர்கள்.