கன்றை விற்றுக் கடல் கடந்த தகப்பனும் மகளும்

விளையாட்டுக்குப் பணம் செலவழிப்பது வசதியுள்ளவர்களின் காரியம் என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். காணியையும் வீட்டையும் விட்டு வந்து தறப்பாளின் கீழ் வாழ்ந்து பழகிய குடும்பங்களில் இந்த எண்ணம் இன்னும் உறுதியாக இருக்கும். அரிசி, மருந்து, பாடசாலைக் கொப்பி என ஒவ்வொரு ரூபாவுக்கும் ஏற்கெனவே ஒரு வழி இருக்கும்போது பிள்ளையின் விளையாட்டுக்கு எங்கே இடம்? நியாயமான கேள்விதான்.

இதே கேள்வியை எதிர்கொண்ட ஒரு பிலிப்பைன்ஸ் விவசாயியையும் அவருடைய பதினான்கு வயது மகளையும் 2023ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சந்தித்தோம். பயிற்சிப் பட்டறை ஒன்றுக்காக நாம் அங்கே சென்றிருந்தவேளை, பிலிப்பைன்ஸ் பணிப்பெண்களுக்கு உதவி வரும் நண்பர் ஒருவர் அவர்களை அறிமுகம் செய்து வைத்தார். தகப்பன் ஓர் எருமைக் கன்றை விற்று, மகளை ஒரு விளையாட்டுப் போட்டிக்கு அழைத்து வந்திருந்தார். அவர் தமது மொழியில் சொல்ல, மகள் ஆங்கிலத்தில் எமக்கு விளக்கினாள். பெயர்களைத் தவிர்த்து அவர்கள் கதையை இங்கே தருகின்றோம்.

விழுந்த தென்னைகள்

அவர்களுடைய கிராமம் லெய்ட்டே தீவில், தனாவான் என்னும் கரையோரப் பட்டினத்தை அடுத்து உள்ளது. 2013 நவம்பர் 8ஆம் திகதி ஹையான் சூறாவளி அந்தத் தீவைத் தாக்கியது. அந்நாட்டவர் அதனை யோலண்டா என்பர். பெருங்காற்று வரும் என மக்கள் அறிந்திருந்தனர். ஆனால் காற்றோடு கடலும் எழுந்து ஊருக்குள் வரும் என்பதைப் பலர் விளங்கிக்கொள்ளவில்லை. வானொலியில் சொல்லப்பட்ட ஆங்கிலச் சொல் அவர்களுக்குப் புதியது. அரசாங்கக் கணக்கின்படி 6,300 பேர் இறந்தனர். மேலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காணாமற் போயினர். ஏறத்தாழ 40 இலட்சம் பேர் இடம்பெயர்ந்தனர். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட எமது கரையோர மக்களுக்கு இதற்கு மேல் விபரிக்கத் தேவையில்லை.

அன்று அழிந்தும் சேதமடைந்தும் போன தென்னைகள் ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம். எமது நண்பர் பிறருடைய தோட்டத்தை வாரத்துக்குச் செய்து கொப்பரா விற்று வாழ்ந்தவர். ஒரே காலையில் அவருடைய தொழில் முடிந்தது. விழுந்த மரங்களையும் அப்படியே விட்டுவைக்க முடியாது. உக்கும் தென்னங்குற்றிகளில் காண்டாமிருக வண்டு பெருகி, தப்பிய மரங்களின் குருத்தையும் தின்றுவிடும். எனவே குற்றிகளை அரிந்து பலகையாக்கினர். அந்தப் பலகையிலேயே வீடுகளும் எழுந்தன. கரையிலிருந்து 40 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தபடியால், கரையோரமாய் இருந்த இவருடைய குடும்பமும் உள்ளே தள்ளிக் குடியேற நேர்ந்தது.

உயரமான இனத் தென்னை காய்க்க ஆறு முதல் எட்டு ஆண்டுகள் செல்லும். இடைவெளியில் வற்றாளையும் மரவள்ளியும் மரக்கறியும் பயிரிட்டார். அது சாப்பாட்டுக்குப் போதுமாயிருந்தது, கடனுக்குப் போதவில்லை. 2016இல் மனைவி சிங்கப்பூருக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்றார். அப்போது மகளுக்கு ஏழு வயது. தலைவாரிப் பின்னுவது முதல் பாடசாலைக் கூட்டத்துக்குப் போவது வரை எல்லாம் தகப்பனின் பொறுப்பாயிற்று.

கணுக்கால் அளவு தண்ணீர்

சூறாவளி வந்தபோது அந்தப் பிள்ளைக்கு நான்கு வயது. அதன் பின்னர் அவள் கடலுக்குக் கிட்டப் போகவே மாட்டாளாம். அலைச்சத்தம் கேட்டாலே தகப்பனின் சாரத்தைப் பிடித்துக்கொள்வாள். யாரும் வற்புறுத்தவில்லை. அவளை மீண்டும் தண்ணீருக்கு அழைத்துச் சென்றது ஒரு பலகைதான்.

ஸ்கிம்போர்ட் என்பது சறுக்கி விளையாடும் ஒரு மெல்லிய பலகை. பெரிய அலைகளில் ஏறிச் செல்லும் சேர்ஃப் பலகையைவிடச் சிறியது, தட்டையானது. அலை வந்து திரும்பியபின் ஈர மணலின்மேல் இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் தண்ணீர் படலமாய் நிற்குமல்லவா? அதன்மீது பலகையைத் தாழ எறிந்து, கூடவே ஓடி, அதன்மேல் ஏறிச் சறுக்க வேண்டும். மேலிருந்து குதித்தால் பலகை முன்னே பறக்க, ஆள் பின்னே விழுவார். ஓடுகின்ற அதே வேகத்தில் அடியெடுத்து வைப்பதே இதன் இரகசியம். சேற்று வயலை மட்டப்படுத்தும் பலகை தண்ணீர் நிற்கும் இடத்தில் இலகுவாக வழுக்குவதையும், தண்ணீர் வற்றிய இடத்தில் மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவதையும் கண்ட எமது விவசாயிகளுக்கு இது உடனே விளங்கும். கமுகம்பாளையில் இருத்தி இழுத்து விளையாடிய பிள்ளைகளுக்கும் விளங்கும்.

1920களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து லகுனா கடற்கரையில் உயிர்காப்பாளர்கள் தொடங்கிவைத்த விளையாட்டு இது. இன்று தனாவான் பட்டினம் பிலிப்பைன்ஸில் இதற்கெனவே பெயர்பெற்ற இடம். காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. அகன்ற மணற்கரை உண்டு. ஒட்டுப்பலகையில் வெட்டிய ஒரு துண்டு இருந்தால் போதும். நீந்தத் தெரியாத பிள்ளையும் கணுக்கால் அளவு தண்ணீரில் தொடங்கலாம்.

தகப்பன் முதல் பலகையை, தற்காலிகக் கொட்டிலின் சுவரில் இருந்து கழற்றிய ஒட்டுப்பலகையில் வெட்டிக் கொடுத்தார். ஓரங்களை அரத்தால் தேய்த்து, வீட்டில் மிஞ்சிய பெயின்ற் பூசினார். முதலில் மழைவெள்ளம் தேங்கிய வெளியில் பழகினாள். பின்னர் கடற்கரையில், தகப்பன் பத்து அடி தூரத்தில் நிற்க, நனைந்த மணலில் பழகினாள். ஓராண்டு சென்றபோது அவர் அங்கே நிற்பதையே மறந்துவிட்டாள்.

போட்டிக்குப் போகும் வழி

சிங்கப்பூரின் செந்தோசாத் தீவுக் கடற்கரையில் இளையோருக்கான சிறிய போட்டி ஒன்று நடக்கவிருப்பதைத் தாய்தான் அறிந்து சொன்னார். கொவிட் காலம் காரணமாக 2019க்குப் பின் அவர் ஊருக்கு வரவில்லை. போட்டி ஒரு சாட்டு. தாயைக் காண்பதே பயணத்தின் நோக்கம் எனத் தகப்பன் எம்மிடம் மறைக்காமல் சொன்னார். ஆனால் மகளுக்கு இரண்டும் ஒன்றுதான். தான் சறுக்குவதை அம்மா நேரில் பார்க்க வேண்டும் என்பதே அவளுடைய ஆசை.

பணத்தைவிடக் கடதாசிகளே அதிகம் அலைக்கழித்தன. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பத்திரம் எல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டன. அவற்றின் அத்தாட்சிப் பிரதிகளை எடுத்த பின்னரே கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க முடிந்தது. பிலிப்பைன்ஸில் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை பெற்றோரின்றி வெளிநாடு செல்வதாயின் சமூகநலத் திணைக்களத்தின் அனுமதி தேவை. மணமான பெற்றோரில் ஒருவர் கூடச் சென்றால் தேவையில்லை. பிள்ளைகளைக் கடத்துவோரைத் தடுப்பதற்கான ஒழுங்கு இது. சிங்கப்பூருக்கு அவர்களுக்கு முன்கூட்டிய விசா வேண்டியதில்லை. எனினும் விமான நிலையத்தில் அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்டார்களாம். மகள் அரிசிச் சாக்கில் சுற்றியிருந்த பலகையை அவிழ்த்துக் காட்டினாள்.

இடம்பெயர்ந்த எமது குடும்பங்களிலும் பத்திரங்களைத் தொலைத்தோர் அநேகர். வெளிநாடு போகும் எண்ணம் இல்லாவிட்டாலும், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேவை வரும் நாளில் அவகாசம் இருக்காது.

சனியும் ஞாயிறும்

போட்டி இரண்டு நாட்கள். சனிக்கிழமை முதற் சுற்றுகள். ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சுற்றுகள். தாய்க்கு ஓய்வு ஞாயிறு மட்டுமே. பணிப்பெண்ணுக்கு மாதத்தில் ஒரு நாளாவது கட்டாயமாக ஓய்வு கொடுக்க வேண்டும், அந்த நாளைப் பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாது என்ற விதி சிங்கப்பூரில் 2023 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அந்த மாதத்து ஓய்வு நாளைத் தாய் இதற்கென்றே வைத்திருந்தார். ஆகவே அம்மா பார்க்க வேண்டுமானால் மகள் சனிக்கிழமை வென்றே ஆகவேண்டும்.

அவள் வெல்லவில்லை. ஊரில் நீண்டு கிடக்கும் கரையில் ஓடிப் பழகியவளுக்கு, ஆழமற்ற ஒரு குளம்போல் ஒடுக்கி அமைத்த இடமும், ஏறிச் சறுக்குவதற்கு நடுவில் வைத்த பெட்டியும் புதியவை. முதல் ஓட்டத்தில் விழுந்தாள். இரண்டாவது நன்றாக அமைந்தது. மூன்றாவதில் பலகையின் முனை பெட்டியில் இடித்தது. நால்வரில் இருவர் தெரிவாக, அவள் மூன்றாவதாக வந்தாள். அன்றிரவு தங்குமிடத்தில் சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்த மகளிடம் தகப்பன் சொன்னது இதுதான்: "அம்மா போட்டியைப் பார்க்க வரவில்லை, பிள்ளை. உன்னைப் பார்க்கத்தான் வருகிறா."

ஞாயிறு காலை நாமும் கடற்கரைக்குச் சென்றிருந்தோம். தாய் சோறும் இறைச்சிக்கறியும் சமைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். நான்கு ஆண்டுகளில் தோளளவு வளர்ந்துவிட்ட மகளைக் கட்டிப்பிடித்தபடி வெகுநேரம் நின்றார். மதிய இடைவேளையில், விரும்பிய பிள்ளைகள் விளையாடலாம் என அந்த இடத்தைத் திறந்துவிட்டனர். மகள் பலகையை எடுத்துக்கொண்டு ஓடினாள். எறிந்தாள், ஏறினாள், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் வரை சறுக்கிச் சென்று நின்றாள். தாய் கைதட்டவில்லை. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கால் நனைக்கவும் பயந்த பிள்ளையைத்தான் அவர் விட்டுச் சென்றிருந்தார். தொலைபேசியில் பல தடவை பார்த்திருந்தும், நேரில் கண்டபோதுதான் நம்பினாராம். இரவு வேலை வீட்டுக்குத் திரும்பும்வரை மகள் எத்தனை தடவை ஓடினாள் என்று எமக்குக் கணக்குத் தெரியாது.

பெற்றோரின் கவனத்துக்கு

"விளையாட்டுக்காகவா கன்றை விற்றாய்?" என ஊரார் ஏசியதாகத் தகப்பன் சொன்னார். அவர் கொடுத்த பதில் ஒரு விவசாயியின் பதில்: "தாய் எருமை பட்டியில் நிற்கிறது. அடுத்த வருடம் இன்னொரு கன்று போடும். மகளுக்குப் பதினான்கு வயது அடுத்த வருடம் வராது."

கால்நடையை விற்றுப் பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அனுப்புங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவரும் தம்மால் தாங்கக்கூடியதையே விற்றார், விதைநெல்லில் கைவைக்கவில்லை. நாம் கவனிக்க வேண்டியது அதற்கு முந்திய ஆண்டுகளை. கையில் ஒன்றுமே இல்லாத நாளில் அவர் கழித்துவிட்ட ஒட்டுப்பலகையில் ஒரு விளையாட்டுப் பொருள் செய்தார். மாலையில் அரைமணி நேரம் கரையில் நின்றார். அந்த நேரத்தில் பிள்ளை விழவும் எழும்பவும் பழகினாள். பயந்த இடத்துக்கே தன் காலால் திரும்பிப் போனாள். இதற்குப் பெரிய செலவு ஏற்படவில்லை.

யுத்தத்தையும் கடற்கோளையும் கண்ட எமது ஊர்களிலும், வயலுக்கோ கிணற்றடிக்கோ கடற்கரைக்கோ போகப் பயந்த பிள்ளைகள் இருந்தனர், இருக்கின்றனர். தாய் மத்திய கிழக்கில் உழைக்க, தகப்பனோடோ அம்மம்மாவோடோ வளரும் பிள்ளைகளும் பலர். அவர்களுக்கு உணவும் கல்வியும் கொடுக்கப் பாடுபடும் பெரியவர்கள், அவர்கள் விளையாடும் இடத்துக்கும் ஒருமுறை போய் நிற்பது நல்லது. தண்ணீரோடு விளையாடும் பிள்ளையின் அருகில் ஒரு பெரியவர் நிற்பது பாதுகாப்புக்கும் அவசியம்.

செவ்வாய்க்கிழமை தகப்பனும் மகளும் ஊர் திரும்பினர். 2015இல் நட்ட தென்னைகளில் சில காய்க்கத் தொடங்கிவிட்டதாக அவர் சொன்னார். நடப்பு ஒப்பந்தம் முடிந்ததும் ஊரோடு வந்துவிடுவது எனத் தாய் தீர்மானித்திருந்தார். வந்ததும் தனக்கும் ஒரு பலகை வெட்டித் தரவேண்டும் என்று கணவரிடம் கேட்டிருக்கிறார்.