கோப்புறைக்குள் கோப்புறை: எஸ்கான்ஸ் கேட்கும் கணக்கு

கணினி விளையாட்டு ஒன்றை எழுதி முடித்தாயிற்று. ஓடும் நிரல் ஒன்றுதான். கூடவே படங்கள், ஒலிகள், மொழிபெயர்ப்புகள் என்று கோப்புறைக்குள் கோப்புறையாக நூற்றுக்கணக்கில் கோப்புகள். அடுக்கு குலையாமல் எல்லாம் பயனரின் கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். லினக்ஸில் 'சிபி' கட்டளையோடு 'ஆர்' என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தால் முடிகிற வேலை. அப்புறம் எதற்காக, மூலக் கோப்புகளிலிருந்து நிரலைக் கட்டித் தரும் பில்டு கருவிகளுக்குப் புதிதாக ஒட்டுப்போடுகிறார்கள்?

1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' கருவியை எழுதிய காலத்திலிருந்தே பில்டு கருவிகளின் தொழில் கணக்கு வைப்பது. எது எதிலிருந்து பிறக்கிறது, எது மாறியது, எதை மட்டும் மறுபடி செய்தால் போதும்? கல்யாண வீட்டு உக்கிராணக்காரரிடம் 'ஒரு மூட்டை பாத்திரம்' என்று சொல்லிப் பாருங்கள். அண்டா எத்தனை, கரண்டி எத்தனை என்று எண்ணாமல் வாங்க மாட்டார்.

பைத்தானில் எழுதப்பட்ட எஸ்கான்ஸ் என்ற பில்டு கருவியையே எடுத்துக்கொள்வோம். அதன் 'இன்ஸ்டால்' கட்டளையிடம் முழுக் கோப்புறையை நீட்டலாம். ஆனால் அது மூட்டைக் கணக்கு. உள்ளே கிடக்கும் வேண்டாத சரக்கை விலக்க நேர்வழி இல்லை. ஆகவே நிரலாளர்கள் தாங்களே ஒரு செயல்கூறு எழுதிக்கொள்கிறார்கள். பைத்தானின் 'ஓஎஸ்.வாக்' கிளை கிளையாக இறங்கிப் போகும். கண்ணில் படும் கோப்பை அதன் உட்பாதையோடு 'இன்ஸ்டா'லிடம் ஒவ்வொன்றாக ஒப்படைக்க வேண்டியதுதான். 'ஆட்மெத்தட்' வழியாக இணைத்துவிட்டால் எஸ்கான்ஸின் சொந்தக் கட்டளை போலவே அழைக்கலாம். பத்துப் பன்னிரண்டு வரிதான்.

வினை அந்தப் பத்து வரியில்தான் இருக்கிறது. எஸ்கான்ஸ் முதலில் குறிப்புகளைப் படித்து முடிக்கும். பிறகே கட்டத் தொடங்கும். 'வாக்' நடப்பது படிக்கும்போது. இனிமேல் உருவாகப்போகும் மொழிபெயர்ப்புக் கோப்பு அந்நேரம் வட்டிலேயே இல்லை, பட்டியலிலும் ஏறாது. இரண்டாம் முறை ஓட்டினால் ஏறிவிடும்! எழுதியவர் கணினியில் எல்லாம் சரியாக இருக்கும். புதிதாக இறக்கிக் கட்டியவருக்கு மட்டும் மொழிபெயர்ப்பைக் காணோம். இப்படிப்பட்ட பிழையைத் துரத்துவதைவிட எரிச்சலான வேலை நிரல் உலகில் குறைவு.

கோப்புகளைத் தேடித் தரும் எஸ்கான்ஸின் 'குளோப்' கட்டளை இதில் கெட்டிக்காரத்தனமானது. வட்டில் இருப்பவற்றோடு, உருவாக்கப்போவதாக முன்பே அறிவித்தவற்றையும் சேர்த்துப் பார்க்கும். ஆனால் உட்கோப்புறைகளுக்குள் தானாக இறங்காது. அதனால் ஒவ்வொரு மட்டத்திலும் 'குளோப்'பைத் திரும்ப அழைத்துக்கொண்டே இறங்கும் செயல்கூறே உருப்படியானது. காலிக் கோப்புறைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கோப்பைப் பார்த்தே கணக்கெழுதுகிறவனுக்கு அவை தெரியாது.

சிமேக் என்ற இன்னொரு பில்டு கருவியில், கோப்புறையை அடுக்கு குலையாமல் நிறுவும் வசதி கூடவே வருகிறது. விலக்க வேண்டியதைச் சொல்லலாம், அனுமதிகளை மாற்றலாம். கோப்புறைப் பெயரின் கடைசிச் சாய்கோட்டில் மட்டும் கவனம் வேண்டும்: இட்டால் உள்ளிருப்பவை மட்டும் போகும்; விட்டால் கோப்புறையும் சேர்ந்தே போகும்.

மூலத்தில் நீங்கள் அழித்துவிட்ட பழைய படமோ, எஸ்கான்ஸ், சிமேக் இரண்டு வழியிலும், முன்பு நிறுவிய இடத்திலேயே கிடக்கும். மறுபடி நிறுவினாலும் அதை எடுக்க ஆளில்லை.