கறிவேப்பிலையில் ஒரு கூடு: நசுக்குமுன் பாருங்கள்!

ஆணத்துக்குத் தாளிக்கக் கறிவேப்பிலை பறிக்கப் போகிறீர்கள். கிளையில் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலையா, காயா, பூச்சியா என்று தெரியவில்லை. "உம்மா, தொடாதீங்க! கடிக்கும்!" என்று பிள்ளை பின்வாங்குகிறது. உங்கள் கை செருப்பைத் தேடுகிறது.

கொஞ்சம் பொறுங்கள். புளியங்கூடல் போன்ற தீவகக் கிராமங்களில் நல்ல தண்ணீர் அருமை. குடத்தில் சுமந்து ஊற்றி வளர்த்த கன்று மொட்டையானால் மனம் கொதிக்கத்தான் செய்யும். ஆனால் இலையைத் தின்றது புழு. கூட்டுக்குள் போனபின் அது எதையும் தின்பதில்லை. கூட்டை நசுக்கினால் போன இலை திரும்பி வராது. ஆகவே, அது என்னவென்று ஆறுதலாகப் பார்ப்போம்.

முதலில் செடியைப் பாருங்கள். கறிவேப்பிலையிலும் தேசியிலும் இருக்கும் கூடு, வால் நுனி கிளையில் ஒட்டி, இடுப்பில் பட்டி கட்டியதுபோல் ஒரு நூலில் சாய்ந்து நிற்கிறதா? அது வண்ணத்திப்பூச்சியின் கூடு. அதன் புழு இளமையில் பறவை எச்சம்போலிருக்கும்; வளர்ந்ததும் பச்சையாகும். தொட்டால் தலையருகே செம்மஞ்சள் கொம்பை நீட்டி நாற்றம் வீசும், ஆனால் கொட்டாது. வேலியோர எருக்கலையில் பொன் புள்ளிகளோடு தலைகீழாகத் தொங்குவதும், அலரியில் கண்ணாடிபோல் மினுங்குவதும் வண்ணத்திப்பூச்சிகளின் கூடுகளே.

அடுத்து, கூடு எதனால் ஆனது என்று பாருங்கள். பட்டு நூலால் சுற்றியிருந்தால் பெரும்பாலும் அந்துப்பூச்சி. அதில் மயிர் தெரிந்தால் வெறுங்கையால் தொடவே வேண்டாம். மசுக்குட்டிகள் பல தம் மயிரையும் சேர்த்தே கூடு பின்னும். மயிர் தோலில் பட்டால் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை ஒட்டி உரித்துவிட்டுச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். கண்ணில் பட்டாலோ, வீக்கம் கூடினாலோ வைத்தியரிடம் செல்லுங்கள்.

புழுவின் முதுகில் வெள்ளை அரிசிபோல் சிறு கூடுகள் ஒட்டியிருந்தால் அவற்றை அழிக்காதீர்கள். அவை புழுவை உள்ளிருந்தே தின்று வெளிவந்த சிறு குளவிகளின் கூடுகள். உங்கள் தோட்டத்துக்குக் கிடைத்த சம்பளமில்லாத காவலாளிகள்!

இன்னும் சந்தேகமா? மயிரில்லாத கூடாயின், கிளையோடு வெட்டி, வாய் அகன்ற பெரிய போத்தலில் நிறுத்தி, வாயை நுளம்பு வலையால் கட்டுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். வண்ணத்திப்பூச்சியாயின் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமைக்குள் வெளிவரும், சிலவேளை சுணங்கலாம். உதவுவதாக எண்ணிக் கூட்டைக் கிழிக்காதீர்கள். அது தானே வெளிவந்து, தொங்கிச் சிறகை விரித்து உலர்த்தினால்தான் பறக்கும்.

இப்படிப் புழுக்களை வளர்த்துப் பார்த்தவர்தான் மரியா சிபில்லா மெரியன் என்ற ஜெர்மன் பெண்மணி. பதின்மூன்று வயதில் பட்டுப்புழுவில் தொடங்கினார். தென் அமெரிக்காவின் சூரினாம்வரை சென்று பார்த்த புழுக்களையும், கூடுகளையும், அவை தின்னும் செடிகளையும் ஒன்றாக வரைந்து 1705இல் நூலாக வெளியிட்டார். அவருக்கும் தொடக்கம் பொறுமையாகப் பார்த்ததுதான்.

இனி முட்டையையோ புழுவையோ கண்டால், சிறு கன்றிலிருந்து எடுத்துப் பெரிய மரத்தில் விடுங்கள், கன்று தப்பும். கூட்டைக் கண்டால் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பயந்து பின்வாங்கிய அதே பிள்ளை, நாளை விடிந்ததும் போத்தலருகே ஓடிப்போய் நிற்கும்.