சூழல் மாறி

சூழல் மாறி என்பது ஒரு நிரல் தொடங்கும்போது இயங்குதளத்தின் வழியாக அதற்குக் கிடைக்கும், பெயரும் மதிப்பும் கொண்ட தகவல் ஆகும். கணினிக்குக் கணினி வேறுபடும் அமைப்புகளை மூலநிரலில் எழுதாமல் வெளியே வைத்திருக்க இது பயன்படுகிறது. தரவுத்தளத்தின் முகவரி, கடவுச்சொல், மொழி, நேர வலயம் ஆகியன இத்தகைய அமைப்புகளாகும்.

வரலாறு

சூழல் மாறிகள் 1979 ஆம் ஆண்டு வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அறிமுகமாயின. பின்னர் டாஸ், விண்டோஸ், லினக்ஸ் ஆகியவற்றிலும் இடம்பெற்றன.

செயல்படும் முறை

ஒரு நிரல் மற்றொரு நிரலைத் தொடங்கும்போது, பொதுவாகத் தன் மாறிகளின் படி ஒன்றை அதற்கு அளிக்கிறது. சேய் நிரல் அப்படியில் செய்யும் மாற்றம் தாய் நிரலைப் பாதிக்காது. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் நிரலுக்குப் புதிய மதிப்பு தானாகச் சென்று சேராது. அதனை மீண்டும் தொடங்க வேண்டும்.

யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் 'எக்ஸ்போர்ட்' கட்டளையால் அமைக்கப்படும் மாறி, அந்த முனையத்தை மூடியதும் மறைந்துவிடும். நிலைத்திருக்க வேண்டுமெனில் தொடக்கக் கோப்பில் எழுத வேண்டும். விண்டோஸில் தற்காலிகமாக அமைக்க 'செட்' கட்டளையும், நிலையாக அமைக்க 'செட்எக்ஸ்' கட்டளையும் உள்ளன.

எடுத்துக்காட்டு

திருப்பூரில் உள்ள பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் பில் போடும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதனை எழுதியவரின் கணினி இந்திய நேரத்தில் இயங்குகிறது. நிறுவனம் வாடகைக்கு எடுத்த வழங்கியோ அதைவிட 5 மணி 30 நிமிடம் பின்தங்கிய ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்தில் இயங்குகிறது. ஏப்ரல் 1 அதிகாலை 3 மணிக்குத் தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் சரக்கு அனுப்பிப் போடப்படும் பில், வழங்கியில் மார்ச் 31 இரவு 9.30 எனப் பதிவாகும். இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்குவதால், அந்த பில் முந்தைய ஆண்டின் கணக்கில் சேர்ந்துவிடும். உள்ளூர் நேரத்தைப் பயன்படுத்தும் நிரலாயின், வழங்கியில் 'டிஇசட்' என்னும் மாறிக்கு 'ஆசியா/கொல்கத்தா' என்ற மதிப்பை அளித்து நிரலை மீண்டும் தொடங்கினால் போதும். மூலநிரலில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியதில்லை.

மேலாண்மையும் பாதுகாப்பும்

* ஒரு திட்டத்திற்குரிய மாறிகளைத் தனிக் கோப்பில் எழுதி வைப்பது வழக்கம். கடவுச்சொல் உள்ள இக்கோப்பினை கிட் போன்ற பதிப்பு மேலாண்மைக் களஞ்சியத்தில் சேர்க்கக் கூடாது. சேர்த்துவிட்டால், பின்னர் நீக்கினாலும் பழைய பதிப்புகளில் அது இருக்கும். எனவே கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும்.
* புதிதாகச் சேரும் நிரலாளருக்காக, மாறிகளின் பெயர்கள் மட்டும் கொண்ட மாதிரிக் கோப்பு ஒன்றை வைக்கலாம்.
* தேவையான மாறி இல்லையெனில், நிரல் தொடக்கத்திலேயே அதன் பெயரைத் தெரிவித்து நின்றுவிடுவது நல்லது.
* சூழல் மாறிகள் மறையாக்கம் செய்யப்படுவதில்லை. பிழைப் பதிவேட்டில் அனைத்து மாறிகளையும் எழுதும் நிரல், கடவுச்சொல்லையும் சேர்த்தே வெளியிட்டுவிடும்.