கிரிவலம் மட்டும் போதுமா? இளையோரின் எலும்பு நலம்

பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் எலும்பு மருத்துவப் பிரிவில் கூட்டம் சற்று அதிகமாகவே இருக்கும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலுடன் சுற்றியவர்கள் முழங்கால் வலியோடு அமர்ந்திருப்பார்கள். முன்பு அவர்களுள் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். இப்போது இருபத்தைந்து வயதினரையும் காண்கிறோம். இடுப்பும் தொடையும் சேர்ந்து வலிக்கின்றன, தரையில் அமர்ந்தால் கையூன்றித்தான் எழ முடிகிறது என்கின்றனர். இரத்தப் பரிசோதனையில் அவர்களுள் பலருக்கு வைட்டமின் டி குறைந்திருக்கிறது.

“இந்த வெயில் ஊரிலா?” என்று உடன்வரும் பெற்றோர் வியக்கின்றனர். வெயில் ஊரில் இருக்கிறது. பிள்ளைகளின் தோலில் படுவதில்லை. பகல் முழுதும் வகுப்பறை, கடை, கணினி, நடப்பதோ நிலவொளியில். வைட்டமின் டி-யை உண்டாக்கும் புறஊதாக் கதிர் நம் பகுதியில் முற்பகல் 11 முதல் பிற்பகல் 2 மணி வரை நன்கு கிடைக்கிறது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் நேரம் அது. அப்போது முகமும் கைகால்களும் வெயில்படச் சிறிது நேரம் வெளியே இருத்தல் நன்று. அக்கினி நட்சத்திர நாள்களில் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். மூடிய கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயில் இதற்கு உதவாது.

கிரிவலம் வேண்டா என்று நாங்கள் சொல்லவில்லை. உடல் எடையைத் தாங்கி அடி வைக்கும்போதெல்லாம் எலும்பு உறுதிபெறுகிறது. ஆனால் மாதத்தில் ஓர் இரவு நடப்பதைவிட, நாள்தோறும் அரை மணி நேரம் நடப்பதும் மாடிப்படி ஏறுவதும் கயிறு தாண்டுவதும் மேலானவை.

உணவிலும் ஒரு மயக்கம் உண்டு. “சிறுதானியம்தானே உண்கிறோம்” என்பார்கள். ஜவ்வாது மலைச் சாமை நல்ல உணவே. எனினும் 100 கிராம் சாமையில் கால்சியம் 20 மில்லிகிராமைக்கூட எட்டாது. அதே அளவு கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வயது வந்தோருக்குப் பரிந்துரைத்தது நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம். கேழ்வரகுக் கூழ், மோர், முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, முள்ளோடு உண்ணும் சிறு மீன் ஆகியவற்றை மாற்றி மாற்றி உண்டால் அதனை எட்டலாம்.

எலும்பின் அடர்த்தி ஏறத்தாழ 30 வயதுக்குள் உச்சத்தை அடைகிறது. அதன்பின் இருப்பதைக் காப்பதே பெரும்பாடு. புகையும் மதுவும் அச்சேமிப்பைக் கரைக்கின்றன. மெலிய வேண்டிப் பட்டினி கிடக்கும் இளம்பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோனால், எலும்பும் தேய்கிறது என்று ஐயுற வேண்டும். தாய்மார்கள் அதனை மறைக்காமல் எங்களிடம் கூறுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. ஆறு லட்சம் யூனிட் வைட்டமின் டி ஊசியை, வலி வரும்போதெல்லாம் பரிசோதனையின்றிப் போட்டுக்கொள்கின்றனர். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் பழுதாகும். நெடுநாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரையோ எலும்பையே அரிக்கும். ஆயினும் அதனைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. ஆகவே எங்களைக் காண வரும்போது, வீட்டில் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், பெயர் தெரியாத பொட்டலங்கள் உட்பட, ஒரு பையில் எடுத்து வாருங்கள்.