முகமூடிக்குள் முடை நாற்றம்

சாயக் குண்டுகளால் ஒருவரையொருவர் சுடும் பெயின்ட்பால் விளையாட்டில் பலமுறை அணிந்த முகமூடியை எடுத்து முகர்ந்தவர்கள் முதலில் தேடுவது வாசனை ஸ்பிரேயைத்தான். வேர்வை நாறுகிறது, இன்னொரு மணத்தால் அதை அமுக்கிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தொடக்கத்திலேயே பிசகிவிடுகிறது. நெற்றியில் அரும்பும் வேர்வை பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அதற்கென்று நாற்றம் ஏதும் கிடையாது. வேர்வையோடு தோலின் எண்ணெய்ப் பசையும் உதிர்ந்த செல்களும் முகமூடிக்குள் முகத்தைத் தொடும் ஸ்பாஞ்சில் படிகின்றன. தோலில் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை பாக்டீரியாக்களும் கூடவே போய்ச் சேர்ந்து அமினோ அமிலங்களைச் சிதைக்கின்றன. லூசின் என்ற அமினோ அமிலம் சிதையும்போது பிறக்கும் ஐசோவலெரிக் அமிலம் இந்த நாற்றத்தில் முக்கியமான பங்காளி. நாட்பட்ட பாலாடைக்கட்டியிலும் ஷூ கழற்றிய காலிலும் வருவது இதே அமிலத்தின் வாடைதான். ஈரமும் உணவும் இருக்கும்வரை அது புதிதுபுதிதாக உண்டாகிக்கொண்டே இருக்கும். ஸ்பிரேயின் மணம் பறந்துபோன பிறகும் உற்பத்தி நிற்பதில்லை.

இந்த விளையாட்டில் நாற்றத்துக்கு இன்னொரு வழியும் உண்டு: சுடும் குண்டு. எனக்கு மிகவும் வியப்பளிப்பது அதுதான். 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தில், ஹெனிகர் என்ற ஊரின் காட்டில் 12 பேர் முதல் ஆட்டத்தை ஆடினார்கள். அவர்கள் கையில் இருந்தது நெல்ஸ்பாட் 007 என்ற துப்பாக்கி. வெட்ட வேண்டிய மரங்களுக்கும் மந்தை மாடுகளுக்கும் தூரத்திலிருந்து அடையாளமிடச் செய்யப்பட்ட கருவி அது. அன்றைய குண்டில் இருந்தது எண்ணெய்ப் பெயின்ட். துடைக்க டர்பன்டைன் வேண்டியிருந்தது. இன்றைய குண்டில் பெயின்டே இல்லை. மருந்துக்கடையில் விற்கும் மீன் எண்ணெய் மாத்திரையின் உறை எதுவோ, அதுவேதான் இதன் உறையும்: விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின். உள்ளே சாயத்தோடு இருப்பது பாலிஎத்திலீன் கிளைக்கால். மலமிளக்கி மருந்துகளிலும் சேர்க்கப்படும் பொருள் அது, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் கொண்டது. முகமூடியில் குண்டு பட்டுச் சிதறும்போது புரதத் துணுக்குகளும் ஈரம் பிடிக்கும் திரவமும் சேர்ந்தே ஸ்பாஞ்சுக்குள் இறங்குகின்றன. பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல விருந்து ஏது? ‘நச்சில்லை, தண்ணீரில் போய்விடும்’ என்று சொல்லித்தான் குண்டை விற்கிறார்கள். அது உண்மை. ஆனால் கழுவினால்தான் போகும்.

எனவே முதல் வேலை உணவை அகற்றுவது. ஜெலட்டின் குளிர்ந்த நீரில் ஊதும், வெதுவெதுப்பான நீரில் கரையும். புரதத்தை அரிக்கும் என்சைம் கலந்த சலவைத்தூளில் ஸ்பாஞ்சையும் கையுறையையும் ஊறவைத்துப் பிழிந்தால் பெரும்பகுதி வெளியேறிவிடும். மிச்சமிருக்கும் அமிலத்துக்கு ஆப்ப சோடா போதும். அது அமிலத்தைச் சோடியம் உப்பாக மாற்றிவிடுகிறது. உப்பு ஆவியாகாது, ஆவியாகாதது மூக்கை எட்டாது. வினிகர்தான் சிறந்தது என்பவர்கள் உண்டு. அமோனியா வாடைக்கு அவர்கள் சொல்வது சரி. சில கிருமிகளையும் அது அடக்கும். ஆனால் வினிகரும் ஓர் அமிலம், வலிமையிலும் ஏறக்குறைய ஐசோவலெரிக் அமிலத்துக்கு இணை. சோடாவால் உப்பாகிப்போனதை அது திரும்பவும் நாறும் அமிலமாக்கிவிடக்கூடும். இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றினால் நுரை பொங்கும், இரண்டும் வீணாகும். வினிகரோடு பிளீச்சைச் சேர்ப்பதோ ஆபத்து: குளோரின் வாயு கிளம்பும்.

வெயிலில் போட்டால் போதாதா என்று கேட்கலாம். புறஊதாக் கதிர் மேற்பரப்பைத் தாண்டி ஸ்பாஞ்சின் உள்ளறைகளுக்குப் போவதில்லை. நாளாவட்டத்தில் ஸ்பாஞ்சைப் பழுப்பாக்கி உதிரவைக்கும். குளிர்பதனப் பெட்டியில் உறையவைத்தால் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை சாவதில்லை, உறங்கிக் கிடந்து பிறகு விழித்துக்கொள்ளும். நிழலும் காற்றோட்டமும்தான் நல்லது. பாலியெஸ்டர் ஜெர்சிக்கு இன்னும் கவனம் வேண்டும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிக்குப் பின் பருத்திச் சட்டையைவிடப் பாலியெஸ்டர் சட்டையே மோசமாக நாறியது. மைக்ரோகாக்கஸ் பாக்டீரியா அந்த இழையில் செழித்து வளர்ந்திருந்தது. ஜெர்சியை மடித்துப் பைக்குள் திணித்து வாரக்கணக்கில் மறந்துவிடுவது அதற்குத் தீனி போடுவதுதான்.

வாடகைக்கு முகமூடி தரும் திடல்கள் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு மாறும் இடைவெளியில் வெறும் ஸ்பிரே அடித்துக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்து அணிபவரின் நெற்றிக்கு அது மரியாதை ஆகாது. இன்னொரு கோடியில், நாற்றத்தின் மேல் கோபம் கொண்டு தின்னரும் அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். லென்ஸ் பாலிகார்பனேட், அந்த ரசாயனங்கள் பனி படியாமல் காக்கும் பூச்சை அழிக்கும், கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளையும் உண்டாக்கும். வினாடிக்கு 300 அடி வேகம்வரை வரும் குண்டுக்கும் கண்ணுக்கும் நடுவே இருப்பது அந்த லென்ஸ் மட்டுமே. அதை மிருதுவான துணியை நீரில் நனைத்துத் துடைத்தால் போதும். இரட்டை அடுக்கு லென்ஸைத் தண்ணீரில் முக்கக் கூடாது, நடுவில் ஈரம் புகுந்துவிடும். பல முகமூடிகளில் ஸ்பாஞ்சு தனியாகக் கிடைக்கிறது. கழுவியும் வாடை போகாமல், அழுத்தினால் உதிரும் நிலைக்கு வந்துவிட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். லென்ஸிலும் சட்டத்திலும் வெடிப்பில்லை என்றால் முகமூடியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.