ஆகாயத்தில் ஒரு சொல் மாறினால்...

செம்பட்டி முக்கில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களுக்குத் தெரியும். திண்டுக்கல், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, பழனி என்று நாலு திக்கிலும் போகிற பஸ்கள் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். கண்டக்டர்கள் போடுகிற சத்தத்தில் எது நம்ம பஸ் என்றே புரியாது. ஏறி உட்கார்ந்த பிறகும், "அண்ணே, இது வத்தலக்குண்டு தானே போகுது?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வோம். தவறிப்போனால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி வரலாம். ஆகாயத்தில் அடுத்த ஸ்டாப் ஏது?

விமானம் ஓட்டப் படிக்கும் உறவுக்காரப் பெண் ஒருத்தி லீவுக்கு வந்திருந்தாள். 1936-லேயே சரளா தக்ரால் என்ற 21 வயது இந்தியப் பெண் புடவை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இன்றோ பெண் விமானிகளின் விகிதத்தில் உலக சராசரியை இந்தியா மிஞ்சி நிற்கிறது!

"மேகத்துக்குள்ள போனா வழி எப்படித் தெரியும்? அதுதானே கஷ்டம்?" என்று கேட்டேன்.

"ஓட்டுறதுகூடப் பழகிடும் பெரியம்மா. கேக்குறதுதான் கஷ்டம்" என்றாள்.

வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்குத் தனிப் பயிற்சி உண்டு. மாணவியின் நெற்றியில் ஒரு மறைப்பை மாட்டிவிடுவார்கள். ஜன்னல் தெரியாது, எதிரே உள்ள முட்கள் மட்டும்தான் தெரியும். ஒன்று உயரத்தைக் காட்டும், இன்னொன்று வேகத்தை, வேறொன்று திசையை. ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால் மற்றது நகர்ந்துவிடும். அந்தச் சமயம் பார்த்துத்தான் காதில் கண்ட்ரோல் டவரின் குரல் வரும்: இந்தத் திசைக்குத் திரும்பு, இத்தனை அடிக்கு இறங்கு, இந்த அலைவரிசைக்கு மாறு. தொடையில் கட்டியிருக்கும் அட்டையில் குறித்துக்கொண்டு, அதே எண்களைத் திரும்பச் சொல்ல வேண்டும். வாய் சரியாகச் சொல்லும், கை வேறு எண்ணைத் திருப்பி வைக்கும்! அடுத்த விமானத்தின் பெயர் நம் பெயர் மாதிரியே இருந்தால், அவர்களுக்கு வந்த உத்தரவுக்கு நாம் பதில் சொல்லிவிடுவதும் உண்டாம். பக்கத்தில் ஆசிரியர் இருப்பதிலும் ஓர் ஆபத்து: அவர் கேட்டிருப்பார் என்று இவளும், இவள் கேட்டிருப்பாள் என்று அவரும் சும்மா இருந்துவிடுவார்கள். அடுப்பில் பால் பொங்குகிற கதைதான்.

பயிற்சியில் தவறினால் ஆசிரியர் திருத்துவார். பழுத்த விமானிகளே தவறிக் கேட்டால்? 1989 பிப்ரவரி 19 அன்று சரக்கு விமானம் ஒன்று சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குப் போனது. 2,400 அடிக்கு இறங்கும்படி கீழிருந்து உத்தரவு. ஆங்கிலத்தில் எண்களைத் தனித்தனியே 'டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார்கள். இரண்டைக் குறிக்கும் 'டூ'வும், 'அதற்கு' என்று பொருள்படும் 'டு'வும் காதுக்கு ஒன்றுதானே! விமானி 'நானூறுக்கு இறங்கு' என்று எடுத்துக்கொண்டார். 'ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று பதிலும் சொன்னார். அந்தப் பதிலை யாரும் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதியது. இருந்த நால்வரும் இறந்தார்கள்.

அதற்கு முன்பே 1977 மார்ச் 27-ல் டெனரீஃப் தீவில், மூடுபனியில், இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் பலியானார்கள். அனுமதி கிடைத்துவிட்டது என்று எண்ணி ஒரு விமானம் கிளம்பிவிட்டது. பொறுத்திரு என்று டவர் சொன்ன நேரத்தில் எதிர் விமானமும் பேச, இரண்டு குரலும் கலந்து கீச்சென்ற சத்தமாகப் போய்விட்டது. கிளம்பிய விமானத்தின் தலைமை விமானி மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பெரிய ஆசிரியர்! பயிற்சி அறையில் கிளம்பும் அனுமதியை ஆசிரியரே கொடுத்துக்கொள்வது வழக்கம். அதன் பிறகுதான், புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெப்போதும் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லே வாயில் வரக்கூடாது என்று வைத்தார்கள்.

நம் நாட்டில் நடந்ததை நினைத்தால் இன்றும் மனசு பதறும். 1996 நவம்பர் 12, மாலை இருட்டுகிற நேரம். டில்லியிலிருந்து கிளம்பிய சவுதி விமானத்துக்கு 14,000 அடி. எதிரே டில்லியை நோக்கி இறங்கிவந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. இடைவெளி ஆயிரம் அடி. 15,000-க்கு வந்துவிட்டோம் என்று கஜகஸ்தான் விமானத்திலிருந்து பதிலும் வந்தது. எதிரே வருகிறவர் 14,000-ல் இருக்கிறார் என்று டவர் எச்சரித்தது. ஆனாலும் அந்த விமானம் தொடர்ந்து கீழே இறங்கியது. ஹரியானாவில் சர்க்கி தாத்ரி கிராமங்களுக்கு மேலே மோதல். இரண்டிலும் சேர்த்து 349 பேர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. சவுதிக்கு வேலைக்குப் போன எத்தனையோ ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அதில் இருந்தார்கள்.

நீதிபதி லகோட்டி தலைமையில் விசாரணை நடந்தது. கஜகஸ்தான் விமானத்தில் டவரோடு பேசியவர் ரேடியோ ஆபரேட்டர். அவருக்கென்று உயரம் காட்டும் கருவி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். டில்லி ராடாரிலும் அப்போது உயரம் தெரியாது. போக, வர ஒரே வழி. பிற்பாடு வழிகளைப் பிரித்தார்கள். எதிரே விமானம் வந்தால் தானே எச்சரிக்கும் கருவியையும் கட்டாயமாக்கினார்கள்.

இதற்கெல்லாம் ஆங்கிலம் தெரியாததுதான் காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். 2008 முதல் சர்வதேச விமானிகளுக்கு ஆங்கிலத் தேர்வும் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் கோலாலம்பூரில் தவறிக் கேட்டவர்கள் அமெரிக்கர்கள். ஆங்கிலம் அவர்கள் வீட்டுப் பாஷை! காது, தான் எதிர்பார்ப்பதைத்தான் முதலில் கேட்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

விமானிகள் சொல்கிற 'ராஜர்' என்ற சொல்லைப் பாருங்கள். 'நீங்கள் சொன்னது முழுக்கக் காதில் விழுந்தது' என்பதுதான் அதன் பொருள். 'செய்கிறேன்' என்பதற்கு 'வில்கோ' என்று வேறு சொல். உயரத்தையும் திசையையும் சொன்னால் அதுவும் போதாது, எண்ணைத் திரும்பச் சொல்லியே ஆகவேண்டும். டாக்டரிடம் நாம் தலையாட்டிச் சொல்கிற "சரிங்க டாக்டர்" எந்த ரகம்? ராஜர்தானே!

நம் தமிழிலும் 'டூ'வும் 'டு'வும் இருக்கின்றன சகோதரிகளே. "கால் மாத்திரை கொடுங்க" என்று போனில் சொன்னது "காலை மாத்திரை கொடுங்க" என்று கேட்டால் என்ன ஆகும்? 'அரை'யும் 'ஆறு'ம் இரைச்சலில் ஒன்றாகிவிடும். மாமியாருக்கோ குழந்தைக்கோ மருந்து கேட்கும்போது ஒரு தாளில் எழுதி, "டாக்டர், நாலில் ஒரு பங்கு, ராத்திரி மட்டும், சாப்பிட்ட பிறகு. சரிதானுங்களா?" என்று படித்துக் காட்டுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். நல்ல ஆஸ்பத்திரிகளில் போனில் வரும் மருந்துக் குறிப்பை நர்ஸ்களும் இப்படித்தான் திரும்பப் படிக்கிறார்கள்.

முக்கியமாக மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. தினமும் என்று தவறாகக் கேட்டுச் சாப்பிட்டு உயிரை இழந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்பதை மாத்திரை அட்டையின் மேலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.